மெல்லிய துணியும் மெழுகு நூலும்

எனக்குக் காற்றைப் பிடிக்காது. முப்பது வருடமாக லாரித் தார்ப்பாய் தைக்கிறவன் இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். தார்ப்பாய் மழைக்குத்தானே என்பார்கள். மழை என்ன செய்துவிடும்? நனைக்கும், அவ்வளவுதான். விரித்த பாயைக் கிழிப்பதும், கயிற்றை அறுப்பதும், ஆளையே தூக்கி எறிவதும் காற்றுதான்.

கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். வாழப்பாடியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய ஒரு லாரிக்குப் புதுப் பாய் கொண்டுபோயிருந்தேன். ஆடி மாதம். ஓட்டுநர் சரக்கின் மேல் ஏறி நின்று பாயை விரித்தார். பின்மூலைக் கயிற்றை நான் கீழே கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடிக்கவில்லை, காற்று வந்துவிட்டது. பாய் உப்பிக்கொண்டு எழுந்தது. முன்மூலைக் கயிற்றை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்த மனிதர் பாயோடு பறந்துபோய்த் தார் ரோட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. அதன்பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. நான் கொஞ்சம் வேகமாகக் கட்டியிருந்தால் அவர் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருப்பார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அவிழ்ந்து தொங்கும் கயிற்றைக் கண்டால் என்னால் கட்டாமல் தாண்டிப்போக முடியாது. எனக்கு மட்டும் இல்லை, லாரித் தொழிலில் இருக்கிற எல்லாருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், முன்பின் தெரியாத யாரோ நம் வண்டியின் தொங்கல் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருப்பார். யாரென்று கேட்கவும் மாட்டோம், நன்றி சொல்லவும் மாட்டோம். யார் வண்டி என்று பார்க்காது, கை தானாகப் போகும். என் சட்டைப் பையில் எப்போதும் மெழுகு போட்ட நூல் ஒரு கண்டு கிடக்கும்.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகள், காற்றைத் தேடிக்கொண்டு போனாள்.

ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அங்கே கடலில் கைட் சர்ஃபிங் பழகிக்கொண்டாள். பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, அதன் கயிற்றை இடுப்பில் மாட்டி, காலுக்குப் பலகை வைத்துத் தண்ணீர் மேல் சறுக்குவது. பட்டம் இழுக்கும், ஆள் போக வேண்டும். எனக்கு இது தெரிந்ததே ஒரு வருடம் கழித்துத்தான். அதுவும் அவள் அம்மா போனில் படத்தைக் காட்டியபோது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

இந்தக் கோடை விடுமுறைக்கு வரும்போது பட்டத்தையும் கொண்டு வந்துவிட்டாள். ஒன்றில்லை, இரண்டு. நாமக்கல் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கடைக்கே வந்து, தரையைப் பெருக்கிவிட்டு இரண்டையும் விரித்துப் போட்டாள்.

“ஏனுங்கப்பா, இதுல எது தேவலை, சொல்லுங்க பாக்கலாம்.”

விஷயம் என்னவென்றால், இரண்டும் அவள் தோழி ஒருத்தியுடையவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். கடலில் காற்று வலுக்கும் மாதங்களுக்கு அவளிடம் சின்னப் பட்டம் இருக்கிறது. காற்று இளைத்த நாட்களுக்கு ஒன்று வேண்டும். நம் ஊர் ஏரியில் வீசுகிற சோம்பேறிக் காற்றில் எது ஏறுகிறதோ, அது எங்கேயும் ஏறும் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறாள்.

முதல் பட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல கெட்டித் துணி. காற்றடைத்து விறைப்பாக்க ஐந்து குழல்கள், ஓரமெல்லாம் இரண்டு மடிப்பு ஒட்டு, இரட்டைத் தையல். என் கடையிலிருந்து போனதாகவே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தொட்டதும் விரல் கூசியது. பத்து ஆள் படுக்கிற அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. முன்னோரக் குழலைத் தவிர நடுவில் ஒரே ஒரு குழல். துணிக்கு அடியில் என் கை ரேகை தெரிந்தது.

“இதென்ன துணியா சாமி? வெங்காயத் தோலாட்ட இருக்குது. நகம் பட்டாக் கிழியும்.”

“கிழியாதுங்கப்பா. கட்டங்கட்டமா நூல் ஓடுது பாருங்க.”

“என்றகிட்டயே துணியப் பத்திப் பேசறயா?”

“பேசாம யாருகிட்டப் பேசறது?” என்று சிரித்தாள். “காத்து கம்மின்னா பட்டம் பெருசா இருக்கோணுமுங்க. பெருசா இருக்கறது கனமாவும் இருந்தா மேல ஏறாது. ஏறுனாலும் காத்துச் சித்தெ நின்னாப் பொத்துனு தண்ணியில உளுந்துரும். நனைஞ்சுதுன்னா மறுபடி எந்திரிக்காது. நடு ஏரியில நானு உக்காந்திருக்கோணும்.”

இரண்டையும் மடித்துத் தராசில் வைத்துக் காட்டினாள். வெங்காயத் தோல் ஒரு கிலோவுக்கும் மேலே குறைவாக இருந்தது. நான் கெட்டியானதையே எடு என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. கெட்டி என்றால் கெட்டி, அவ்வளவுதான்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி” என்றாள் மனைவி, மத்தியானம் சோறு போடும்போது. “அவ என்ன கொழந்தையா? விடுங்க.” ஆனால் அவளும் மகள் கை கழுவப் போனதும் மெதுவாக, “நீங்க கூடவே போயிருங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எருமப்பட்டி போகிற வழியில் இருக்கிற ஏரிக்குப் போனோம். போன மழைக்கு நிரம்பியது, இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. கரையோரக் கோழிப்பண்ணையின் படுதாக்களை நான்தான் தைத்துக் கொடுத்தேன். அவை லேசாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன. புழுதி எழவில்லை. அவ்வளவுதான் காற்று.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி கெட்டிப் பட்டத்தை முதலில் ஏற்றினாள். முனகிக்கொண்டு ஏறியது. படுதா அசைவு நின்றதும் அதுவும் நின்றது, ஒரு கணம் யோசித்தது, பிறகு தலைகுப்புற விழுந்து தண்ணீரைக் குடித்துக் கிடந்தது. இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வெங்காயத் தோல் அப்படி இல்லை. காற்று நின்றபோதும் மேலேயே மிதந்துகொண்டு, அடுத்த காற்று வரும் வரை காத்திருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“பாத்தீங்களா?” என்றாள். கெட்டிப் பட்டம் அன்று மாலையே பார்சலாகிப் போனது.

மிச்சம் இருந்தது என் பயம். சனிக்கிழமை கடையில் வைத்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை பெரிய பட்டம், காற்று திடீரென்று வலுத்தால் என்ன செய்வாய்?

“அதுக்குத்தானுங்க இது” என்று இடுப்புப் பட்டையையும் பிடிகம்பியையும் எடுத்து வந்தாள். பட்டத்தின் கயிறுகள் எல்லாம் கம்பியில் சேர்கின்றன. கம்பிக்கும் இடுப்புக்கும் நடுவில் சிவப்பாக ஒரு பூட்டு. அதை முன்னால் தள்ளினால் போதும், திறந்துகொள்ளும். பட்டம் வலுவிழந்து தனியாகப் போய் விழுந்துவிடும். பாய் தொங்கவிடும் உத்தரக் கொக்கியில் கம்பியை மாட்டி, இடுப்பில் பூட்டைப் போட்டுக்கொண்டு தொங்கினாள். ஒரு தள்ளு. டக்கென்று திறந்து மடித்து வைத்த பாய்களின் மேல் விழுந்தாள். எழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வானத்தில் தொங்குகிற என் பிள்ளைக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது, ஒரு தட்டு தட்டினால் அவிழ்கிற பூட்டு. கை தவறிப் பட்டால்? அலை அடித்துத் திறந்துகொண்டால்? இப்படி ஒரு கொக்கியை என் கடையில் யாராவது லாரிக்கு மாட்டினால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏரிக்குப் போனோம். மீன் குத்தகை எடுத்தவர் பரிசலோடு கரையில் இருந்தார். ஏதாவது ஆனால் போய்க் கூட்டி வர ஒப்புக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது, படுதா வெள்ளிக்கிழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசைந்தது. மகள் பூட்டை இரண்டு முறை திறந்து மூடிச் சரிபார்த்தாள்.

“இதைச் சித்தெப் புடிங்கப்பா, கயிறு சிக்கிருக்குது, எடுத்துட்டு வாரேன்” என்று கம்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் பட்டத்துப் பக்கம் போனாள். இருபது முப்பது தப்படி இருக்கும். குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

என் கையில் அந்தச் சிவப்புப் பூட்டு.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய்தான். மெழுகு நூலை எடுத்தேன். தள்ளினால் திறக்கிற அந்தச் சிவப்பு உறை நகராதபடி அடியில் மூன்று சுற்று. எங்கள் கடை முடிச்சு, முனையை உள்ளே செருகி இறுக்குகிற முடிச்சு. கறுப்பு நூல், கறுப்புப் பட்டை, வெளியே ஒன்றும் தெரியாது. கட்டி முடித்ததும் நெஞ்சுக்குள் அப்படி ஒரு நிம்மதி. ஓர் ஆளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

அவள் வந்தாள், மாட்டினாள், போனாள்.

போனது அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அந்த வெங்காயத் தோல் மேலே வளைந்து நிற்க, என் மகள் சாய்ந்தபடி ஏரியைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போனாள். பரிசல்காரர், “அட, உங்க புள்ளைங்களா இது!” என்றார். எனக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மூன்று சுற்று போனாள். நாலாவது சுற்றில் பரிசல்காரர் பேச்சை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தார்.

கொல்லிமலைப் பக்கம் கறுத்திருந்தது. சித்திரை மாதத்துக் கோடை மழை. எங்கள் ஊரில் அது மழையாக வருவதற்கு முன்னால் காற்றாக வரும். “ஏனுங்க, கூப்பிடுங்க புள்ளைய” என்றார். கையை ஆட்டினேன். அவளும் பார்த்துவிட்டாள், கரைக்குத் திரும்பினாள். பாதி வழி வந்திருப்பாள். கோழிப்பண்ணைப் படுதா ஒரேயடியாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. புழுதி ஏரியைத் தாண்டி வந்து என் கண்ணில் விழுந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது அவள் தண்ணீரில் இல்லை. இரண்டு ஆள் உயரத்தில் இருந்தாள். விழுந்தாள். மறுபடி தூக்கியது. கம்பியை விட்டுவிட்டாள், அப்படியும் பட்டம் இழுத்தது. இளைத்த காற்றுக்கென்று எடுத்த அத்தனை பெரிய பட்டம், வலுத்த காற்றில் விடுமா? பலகை ஒரு பக்கம் போனது. பட்டம் அவளை மல்லாக்க மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அங்கே கரை முழுக்கப் பாறாங்கல் பதித்திருக்கிறது.

அவள் கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி தள்ளினாள். குனிந்து பார்த்தாள். இரண்டு கையாலும் தள்ளினாள்.

அட பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

“தொறக்காது சாமி! நாந்தான் கட்டிப்போட்டேன்! தொறக்காது!” என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. மார்பளவு வந்ததும் கால் தரிக்கவில்லை. காற்று என் கத்தலை என் வாய்க்குள்ளேயே திணித்தது. பரிசல்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. அவர் பரிசலைத் தள்ளப் பார்த்தார், காற்று அதைக் கரைக்கே திருப்பி அடித்தது. நான் செய்ததை நான் ஒருவன் மட்டும் அறிவேன். அவளுக்கும் கல்லுக்கும் நடுவில் நாற்பது அடிகூட இல்லை. வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை, எந்தச் சாமியிடம் போய் எதைச் சொல்வது?

அப்போது பட்டம் மதகோரத்துச் சீமைக் கருவேலத்தில் விழுந்தது. ஒரு முள் குத்தியிருக்க வேண்டும். டர்ரென்று சத்தம் எனக்கே கேட்டது. முப்பது வருடமாகக் கேட்கக் கூடாது என்று தொழில் செய்த சத்தம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துணி கிழிந்தது. காற்று அந்தக் கிழிசல் வழியாகப் போய்விட்டது. இழுப்பு நின்றது.

அவள் முழங்கால் தண்ணீரில் கிடந்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம்.

பரிசல்காரரும் நானும் கரையோரமாக ஓடிப்போய்த் தூக்கினோம். இடது காறையெலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் சிராய்ப்பு. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மழை கொட்ட ஆரம்பித்தது. அவள் ஒரு கையால் இடுப்புப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு உறைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள். முடிச்சு கிடைத்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவள் அம்மா அழுது முடித்துவிட்டுக் கேட்டாள். “அந்தப் பூட்டு இருக்குது, தட்டுனாத் தொறந்துக்கும்னு சொன்னயே. ஏன் தொறக்கல?”

“மண்ணுப் பூந்துருச்சுங்கம்மா” என்றாள் மகள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் சத்தம் போடுகிறவன், அன்று ரசத்தை ஊற்றச் சொல்லக்கூட வாய் வராமல் எழுந்துபோனேன்.

அடுத்த பத்து நாளும் கடையில் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அந்த நாட்களில்தான் வாழப்பாடி ஓட்டுநர் மறுபடி நினைவுக்கு வந்தார். கொக்கியில் நான் மாட்டாமல் விட்ட கயிறு மட்டுமே இத்தனை வருடமும் என் கண்ணில் நின்றது. அவர் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த கயிறு நிற்கவே இல்லை. அதைச் சும்மா பிடித்திருந்தால் பாய் போயிருக்கும், அவர் நின்றிருப்பார். பார்த்ததை எல்லாம் பார்த்துவிட்டு, தப்பான கயிற்றை நினைவில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினோராம் நாள் மகள் கடைக்கு வந்தாள். கழுத்தில் மாட்டிய கட்டுத்துணியில் இடது கை. வலது தோளில் பட்டப் பை. அதைத் தரையில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இதைத் தெச்சுக் குடுங்கப்பா.”

நான் பையைத் தொடவில்லை. “நாந்தான் கட்டுனேன் சாமி” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

“தெரியுமுங்க. நம்ம கடை முடிச்சு எனக்குத் தெரியாதா?”

“அம்மாகிட்ட ஏன் மறைச்சே?”

“சொன்னா அம்மா உங்களக் கரைப் பக்கமே உடாது. எனக்கு அங்க ஆளு வேணுமுங்க.” காலால் தரையைத் தேய்த்தாள். “எனக்கும் பயமாத்தானுங்கப்பா இருந்துச்சு. தட்டித் தட்டிப் பாக்கறேன், தொறக்கல. செத்தோம்னே நெனைச்சேன்.”

பட்டத்தை எடுத்து மேசையில் விரித்தேன். கிழிசல் என் உயரத்துக்கு இருந்தது. கெட்டித் துணிப் பட்டத்தையே எடு என்று சொன்னவன் நான். அதை எடுத்திருந்தால் முள் குத்தியிருக்கும், கிழிந்திருக்காது. அந்த நாற்பது அடியும் தீர்ந்திருக்கும்.

அவள் கொண்டுவந்த ஒட்டு நாடாவை இரண்டு பக்கமும் வைத்து, ஊசியை மெல்லியதாக மாற்றினேன்.

“ரெட்டைத் தையல் போட்றாதீங்க” என்றாள். “கனம் ஏறிரும். கிழியோணும்னா கிழியட்டும்.”

மெஷினை மிதித்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தையல் போய்ச் சேர்ந்தது. முப்பது வருடப் பழக்கம், கை தானாகத் துணியைத் திருப்பி இரண்டாவது வரிக்கு வைத்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை ஊசிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தேன். பயம் துளியும் குறையவில்லை. நூலை அறுத்துப் பட்டத்தை அவளிடம் கொடுத்தேன்.